எழுதாமல் விடப்பட்ட ஒரு வாக்கியம்: 'உயிர்வலி' ஆவணப்படத்துக்கு வந்த எதிர்வினைகள்

மரண தண்டனைக்கு எதிரான மக்கள் இயக்கம் 2013 நவம்பரில் 'உயிர்வலி' என்ற ஆவணப்படத்தை வெளியிட்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்று வேலூர் மத்தியச் சிறையில் இருந்த பேரறிவாளனைப் பற்றிய படம் அது. அவருடைய கருணை மனுவைக் குடியரசுத் தலைவர் 2011 ஆகஸ்டில் நிராகரித்திருந்தார். 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறிக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் அது நின்றது. அதன் பிறகு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. படம் வெளியானபோது தண்டனை எந்நேரமும் நிறைவேற்றப்படலாம் என்ற அச்சம் விலகியிருக்கவில்லை.

மரண தண்டனை கூடாது என்று வாதிடும் பல படங்களில் ஒன்றாக இது கடந்துபோயிருக்கக்கூடும். அப்படிப் போகாததற்குக் காரணம் அதில் பேசிய ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி வி. தியாகராஜன். 1991இல் மத்தியப் புலனாய்வுத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து, பயங்கரவாதத் தடுப்புக்கென இயற்றப்பட்ட தடா சட்டத்தின் கீழ் பேரறிவாளனின் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் அவர். குண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட, பேரறிவாளன் வாங்கிக் கொடுத்த பேட்டரிகள் எதற்காகக் கேட்கப்பட்டன என்பது தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்றும், எழுதியிருந்தால் ஒப்புதல் வாக்குமூலம் என்பதன் நோக்கமே அடிபட்டுப் போயிருக்கும் என்று அப்போது கருதியதாகவும் அவர் படத்தில் கூறினார். இது நாடு முழுவதும் செய்தியானது.

அதற்கு வந்த எதிர்வினைகளின் அளவுக்கும், அவற்றுள் சட்டத்தின் எதிர்வினை இருந்த அளவுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் இந்த ஆய்வின் பொருள். அந்தக் கூற்றை வைத்து எல்லோரும் பேசினார்கள். அது உண்மையா பொய்யா என்று கூண்டில் ஏற்றி விசாரித்தறிய எந்த நீதிமன்றமும் முன்வரவில்லை.

வழக்கின் முன்கதை தெரிந்ததுதான் என்றாலும், படத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான அளவுக்குச் சொல்லியாக வேண்டும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்த தேர்தல் பொதுக்கூட்டத்தில், இடுப்பில் வெடிகுண்டுப் பட்டை கட்டிவந்த தனு அதை வெடிக்கச் செய்தார். ராஜீவ் காந்தியோடு, பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் கூட்டத்துக்கு வந்திருந்த பொதுமக்களும் உயிரிழந்தனர். டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரணையை ஏற்றது. ஜோலார்பேட்டையைச் சேர்ந்தவரும் மின்னணுவியலில் பட்டயப் படிப்பு முடித்தவருமான பேரறிவாளன், 1991 ஜூன் 11 அன்று சென்னை பெரியார் திடலில் விசாரணைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. மறுநாளே திருப்பி அனுப்பிவிடுவதாகத்தான் தங்களிடம் சொல்லப்பட்டது என்று அவருடைய தாய் அற்புதம்மாள் அன்றுமுதல் சொல்லி வருகிறார்.

பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று, விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. தடா வழக்குகளில் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகாமல் நேரே உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஆகவே சாட்சியங்களை இன்னொரு முறை எடைபோடக்கூடிய ஒரு படி இந்த வழக்கில் இல்லாமலே போயிற்று. நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, எஸ்.எஸ்.எம். காத்ரி அமர்வு 1999 மே 11 அன்று 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, மூவருக்கு ஆயுள் தண்டனையும், நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்குத் தூக்கும் என்று முடித்தது. அதே தீர்ப்பில் தடா சட்டப் பிரிவுகளின் கீழான தண்டனைகள் அனைத்தையும் நீதிமன்றம் நீக்கியது. இந்தக் கொலை அச்சட்டம் வரையறுக்கும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்றது. ஆனால் அதே தடா சட்டத்தைக் கொண்டு காவல்துறை அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலங்கள், கொலைக் குற்றத்தை நிரூபிக்கச் செல்லுபடியாகும் என்றும் கூறியது. பயங்கரவாதக் குற்றம் கீழே விழுந்தது. அந்தக் குற்றத்துக்காகவே உருவாக்கப்பட்ட சாட்சிய வசதி மட்டும் நிலைத்து நின்றது. இந்த வழக்கைப் படிக்கும் எவரையும் இந்த இடம் உறுத்தாமல் விடாது.

சாதாரணச் சட்டத்தில் காவல்துறை அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்துக்கு மதிப்பில்லை. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அதைத் தடுத்து வைத்திருந்தது. காவல் நிலையத்தில் எப்படி ஒப்புக்கொள்ள வைப்பார்கள் என்பதை அந்நிய அரசே அறிந்திருந்தது. தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு இந்தத் தடையை நீக்கி, கண்காணிப்பாளருக்குக் குறையாத பதவியில் உள்ள அதிகாரி பதிவு செய்தால் போதும் என்றது. எழுதிப் பதிவு செய்யலாம். ஒலிநாடா போன்ற கருவிகளிலும் பதிவு செய்யலாம். 1994இல் கர்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை இப்பிரிவை ஏற்றுக்கொண்டது, நீதிபதிகள் கே. ராமசாமியும் ஆர்.எம். சஹாயும் மறுத்துத் தீர்ப்பெழுதினர்.

சட்டம் கொடுத்த இந்தப் பெரிய அதிகாரத்துக்கு, தடா விதிகளில் 15ஆவது விதி சில கட்டுப்பாடுகளை வைத்திருந்தது. சொன்னவர் பேசிய மொழியிலேயே வாக்குமூலம் எழுதப்பட வேண்டும். அவருக்குப் படித்துக்காட்டப்பட வேண்டும். விளக்கம் சொல்லவோ சேர்க்கவோ அவருக்கு உரிமை தரப்பட வேண்டும். இறுதியில், சொல்லப்பட்டதன் முழுமையான, உண்மையான விவரம் இதில் அடங்கியிருக்கிறது என்று அதிகாரி தன் கைப்படச் சான்றளிக்க வேண்டும். 'உயிர்வலி' படத்தில் தியாகராஜன் சொன்னதை இந்தச் சான்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தைத் தான் எழுதாமல் விட்டதாக அவர் சொன்னார் என்றால், தான் கையெழுத்திட்ட சான்று உண்மையல்ல என்று சொன்னார் என்று பொருள். மனச்சான்று உறுத்தியதால் பேசுகிறேன் என்று அவர் கூறியதை மட்டும் எடுத்துக்கொண்டு நெகிழ்ந்தவர்களும், ஓய்வுபெற்ற பின் ஏன் பேசுகிறார் என்று கேட்டுச் சினந்தவர்களும் இந்தச் சான்றைக் கவனிக்கத் தவறினார்கள்.

விடப்பட்ட வாக்கியம் எவ்வளவு பெரியது என்பதற்கு வாக்குமூலத்தையே பார்க்க வேண்டும். 1991 ஆகஸ்ட் 15 அன்று, கைதாகி ஏறக்குறைய இரண்டு மாதங்கள் காவலில் இருந்த பின் அது பதிவானது. 9 வோல்ட் 'கோல்டன் பவர்' பேட்டரிகள் இரண்டை வாங்கி, கொலைத் திட்டத்தை முன்னின்று நடத்திய விடுதலைப் புலி சிவராசனிடம் கொடுத்ததாகவும், அவற்றைத்தான் அவர் குண்டை வெடிக்கச் செய்யப் பயன்படுத்தினார் என்றும் அதில் இருக்கிறது. இந்தப் பிந்தைய பகுதி, நிகழ்வு முடிந்து மூன்று மாதங்கள் கழித்துப் பேசும் ஒருவருக்குத் தெரியவந்ததாகவும் இருக்கலாம். வாங்கும்போதே தெரிந்திருந்ததாகவும் இருக்கலாம். எது என்று தீர்மானிக்கும் வாக்கியம், எதற்கென்று தெரியாது என்ற அந்த ஒன்றுதான். அது இருந்திருந்தால் அதே வாக்குமூலம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஆவணமாக இல்லாமல், பொருள் வாங்கிக் கொடுத்ததை மட்டும் ஒப்புக்கொண்டு சதியை மறுக்கும் ஆவணமாகியிருக்கும். ஒரு வாக்கியம் இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவே ஒரு மனிதனின் உயிர் தொங்கியது என்று சொல்வது இந்த வழக்கில் மிகையாகாது.

இனி எதிர்வினைகளுக்கு வருவோம். பேரறிவாளன் குடும்பத்தினருக்கும், 22 ஆண்டுகளாக அவருக்காகப் பேசிவந்த இயக்கங்களுக்கும் இது தாங்கள் சொல்லிவந்ததற்குக் கிடைத்த முதல் அதிகாரபூர்வ ஒப்புதலாகப் பட்டது. அற்புதம்மாள் சிறை வாசலுக்கும் நீதிமன்ற வாசலுக்கும் தலைவர்களின் வீட்டு வாசலுக்கும் நடந்து சொல்லிவந்ததை, மறுதரப்பில் நின்ற அதிகாரி ஒருவரே சொல்லிவிட்டார். 2011 ஆகஸ்டில் பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகிய மூவரின் தூக்கை (நளினியின் தூக்கு 2000இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டிருந்தது) எதிர்த்து காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்து இறந்ததன் துயரம் தமிழ்நாட்டில் அப்போதும் ஆறாமல் இருந்தது. அந்தச் சூழலில் படம் பார்த்தவர்கள், இதோ நிரபராதி என்று நிரூபணமாகிவிட்டது என்று கொண்டாடியதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆயினும் அது சரியான முடிவு அல்ல என்பதே என் கருத்து. அரசுத் தரப்பு இந்தப் பேட்டரிகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. தவறான முகவரி கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கியது, 1991 மே 7 அன்று சென்னையில் வி.பி. சிங் கலந்துகொண்ட கூட்டத்துக்கு சிவராசன் குழுவினரோடு போனது ஆகியவற்றையும் சேர்த்தே சதியில் அவருக்குப் பங்கு உண்டென்று அது வாதிட்டது. விடப்பட்ட வாக்கியம் இவை எல்லாவற்றுக்கும் பதிலாகிவிடாது. இவற்றை இணைத்துக் கட்டிய கயிற்றை மட்டும் அது அறுக்கிறது. அந்தக் கயிறு இல்லாமல் மற்றவை எவ்வளவு எடை தாங்கும் என்பதை மீண்டும் நீதிமன்றம்தான் பார்த்திருக்க வேண்டும்.

குண்டுவெடிப்பில் உயிரிழந்த காவலர்கள், பொதுமக்கள் ஆகியோரின் குடும்பங்களிலிருந்தும் காயமடைந்து தப்பியவர்களிலிருந்தும் வந்த எதிர்வினை கசப்பானது. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அவர்களில் சிலர், இந்த வழக்கில் சிறையில் இருந்த எழுவரையும் விடுவிக்கத் தமிழக அரசு 2014இல் எடுத்த முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றனர். அந்த மனு 2019இல் தள்ளுபடியானது. தண்டனை பெற்றவரின் தாயைப் பற்றி ஆவணப்படங்கள் வருகின்றன, எங்கள் வீட்டுத் தாய்களைப் பற்றி யார் படம் எடுத்தார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். அதில் நியாயம் உண்டு. அன்று பணியில் இருந்து உடல் சிதறிய காவலர்களின் பெயர்கள், ஆண்டுதோறும் நடக்கும் அஞ்சலிக்கு வெளியே தமிழ்நாட்டின் பேச்சில் இடம்பெறுவதே இல்லை. ஆனால் அவர்களுக்கு உரிய நீதி, உண்மையான குற்றவாளிகள் தண்டிக்கப்படுவதே. வாக்குமூலத்தில் ஒரு வாக்கியம் வேண்டுமென்றே விடப்பட்டது உண்மையானால், அது முதலில் இழைக்கப்பட்ட வஞ்சனை இவர்களுக்குத்தான்.

விசாரணைத் தரப்பு அசைந்து கொடுக்கவில்லை. விசாரணை முறையாக நடந்தது, நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன என்பதே கார்த்திகேயன் தொடர்ந்து எடுத்துவந்த நிலை. அந்தத் தரப்பின் வாதத்தில் வலுவான பகுதி ஒன்று இருக்கிறது. தியாகராஜன் பூந்தமல்லி நீதிமன்றத்தில் அரசுத் தரப்புச் சாட்சியாக நின்று, வாக்குமூலம் முறைப்படி பதிவானது என்று உறுதிமொழி எடுத்துச் சொன்னவர். அன்று சத்தியம் செய்து சொன்னதை நம்புவதா, 22 ஆண்டுகள் கழித்து ஒளிப்படக் கருவியின் முன் சொன்னதை நம்புவதா? உச்ச நீதிமன்றம் பார்க்க வேண்டிய கேள்வி இதுவே. ஆனால் இதைக் கேட்டவர்கள் கேள்வியையே பதிலாக நினைத்து நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு கூற்றுகளில் ஒன்று பொய் என்றால், எது பொய் என்று கண்டறிய வழி குறுக்கு விசாரணை மட்டுமே. ஏன் இத்தனை தாமதம் என்ற கேள்வி அந்த அதிகாரியின் நடத்தையைப் பற்றியது. சொன்ன செய்தி உண்மையா என்பதைப் பற்றியது அல்ல.

எதிர்வினைகளில் எவருமே போதுமான அளவு பேசாத ஒன்றும் உண்டு. இந்த வழக்கில் வாக்குமூலம் தந்ததாகச் சொல்லப்பட்ட குற்றம்சாட்டப்பட்டவர்கள் 17 பேர். அவற்றைப் பதிவு செய்தவரும் தியாகராஜன்தான். ஒருவருடைய வாக்குமூலத்தை இன்னொருவருக்கு எதிரான நேரடிச் சாட்சியமாகக் கொள்ளலாம் என்று 1999 தீர்ப்பில் வாத்வாவும் காத்ரியும் முடிவு செய்தார்கள். கொள்ளக்கூடாது என்று தாமஸ் மாறுபட்டார். பெரும்பான்மையின் முடிவுப்படி அந்த 17 வாக்குமூலங்களும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒன்றில் அளிக்கப்பட்ட சான்று பொய் என்று சான்றளித்தவரே சொல்லும்போது, மற்ற பதினாறையும் ஐயத்துக்கு இடமில்லாதவை என்று எப்படி வைத்துக்கொள்வது? பேரறிவாளனின் ஆதரவாளர்கள் கவனம் அவரை மீட்பதில் இருந்தது. எதிர்ப்பாளர்கள் இந்தக் கதவைத் திறக்கவே விரும்பவில்லை. அதனால் நளினியும் முருகனும் சாந்தனும் இந்த விவாதத்தில் ஓரமாகவே நின்றார்கள். ஒரு தனிமனிதரை மையமாகக் கொள்ளும் ஆவணப்படத்தின் பலமும் பலவீனமும் இதுதான்: ஒருவர் முகத்தை நமக்கு நெருக்கமாக்குகிறது, பக்கத்தில் நிற்பவர்களை மங்கலாக்குகிறது.

படம் வெளியாகி மூன்று மாதங்களுக்குள், 2014 பிப்ரவரி 18 அன்று, தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகியோரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. படம்தான் காப்பாற்றியது என்று பலர் நம்பினார்கள். தீர்ப்பைப் படித்தால் அப்படி இல்லை. கருணை மனுக்களை முடிவு செய்வதில் ஏற்பட்ட 11 ஆண்டுத் தாமதமே அதற்குக் காரணம். அதற்குச் சில வாரங்கள் முன்பு சத்ருகன் சவுகான் வழக்கில், கருணை மனுவில் நியாயமற்ற தாமதம் தூக்கைக் குறைக்கக் காரணமாகும் என்று வகுத்த நெறியையே நீதிமன்றம் பின்பற்றியது. ஒருவர் குற்றம் செய்தாரா என்ற கேள்வியைத் தொடாமலே அவர் உயிரைக் காப்பாற்ற சட்டத்தில் வழி இருந்தது. நீதிமன்றம் அந்த வழியில் போனது.

தியாகராஜன் படத்தோடு நிற்கவில்லை. 2017இல் அதே செய்தியைப் பிரமாணப் பத்திரமாக உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். சிவராசன் 1991 மே 7 அன்று யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய வானொலிச் செய்தியில், தங்கள் நோக்கம் தங்கள் மூவரைத் தவிர வேறெவருக்கும் தெரியாது என்று குறிப்பிட்டிருந்ததையும் எடுத்துக்காட்டினார். ஆவணப்படத்தில் பேசியது பேச்சு மட்டும்தான் என்று ஒதுக்கியவர்களுக்கு இனி அந்த வாதம் இல்லை; பொய்யானால் தன்மீதே வழக்கு வரும் என்று தெரிந்தே ஓர் அதிகாரி கையெழுத்திட்டிருந்தார். அதை வைத்து 1999 தீர்ப்பைத் திரும்பப் பெறுமாறு பேரறிவாளன் மனு செய்தார். சிபிஐ எதிர்த்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. இறுதியாகிவிட்ட தீர்ப்புகள் எளிதில் திறக்கப்படக்கூடாது என்ற கொள்கையின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் சாட்சியத்தைப் பதிவு செய்தவரே அந்தப் பதிவு குறைபட்டது என்று சொல்லும் வழக்குகள் எத்தனை வந்துவிடப் போகின்றன? அந்த அரிய நேர்விலும் கதவு திறக்காது என்றால், இறுதித்தன்மை உண்மைக்கு மேலான மதிப்பைப் பெற்றுவிடுகிறது. இதை ஏற்க என்னால் முடியவில்லை.

விடுதலையும் அதே போல வேறு பாதையில்தான் வந்தது. 2018 செப்டம்பர் 9 அன்று தமிழக அமைச்சரவை, தண்டனையைக் குறைக்க ஆளுநருக்கு அதிகாரம் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி எழுவரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்காமல் வைத்திருந்து, பிறகு குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அமைச்சரவை முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று கூறி, 142ஆம் பிரிவின் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு 2022 மே 18 அன்று பேரறிவாளனை விடுவித்தது. எஞ்சிய அறுவர் அதே ஆண்டு நவம்பர் 11 அன்று விடுவிக்கப்பட்டனர். மே 18 அன்று விடுதலையான பேரறிவாளனை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கட்டித் தழுவி வரவேற்றார். மறுநாள் காங்கிரஸ் கட்சியினர் வாயில் வெள்ளைத் துணி கட்டிப் போராடினர். 2013இல் படத்துக்கு வந்த எதிர்வினைகளே இன்னும் பெரிய அளவில் திரும்பவும் நடந்தன. நிரபராதி மீண்டான் என்று ஒரு தரப்பும், கொலைகாரன் கொண்டாடப்படுகிறான் என்று மறுதரப்பும் பேசின. தீர்ப்பு இரண்டையும் சொல்லவில்லை. சட்டத்தின் பார்வையில் அவர் இன்றும் கொலைச் சதியில் தண்டிக்கப்பட்டு, தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்தவர்தான். 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாசத்துக்கு அடிப்படையான வாக்குமூலம், வழக்குக் கட்டில் எழுதப்பட்டபடியே, குறைபட்டதாகச் சொல்லப்பட்டபடியே இருக்கிறது.

காவல்துறையிடம் தந்த ஒப்புதலை மட்டுமே நம்பித் தண்டிப்பதன் ஆபத்து இந்த ஒரு வழக்கோடு முடிவதும் அல்ல. டெல்லி குண்டுவெடிப்புக்காகத் தண்டிக்கப்பட்ட தேவிந்தர் பால் சிங் புல்லரின் வழக்கில் வாக்குமூலத்தைத் தவிர வேறு சாட்சியம் இல்லை என்று நீதிபதி எம்.பி. ஷா 2002இல் விடுதலை செய்யச் சொன்னார். மற்ற இருவர் மாறுபட்டதால் தூக்கு உறுதியாயிற்று, பின்னாளில்தான் அது ஆயுளாகக் குறைந்தது. தடா 1995இல் காலாவதியானது. 2002இல் வந்த இன்னொரு பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா, வாக்குமூலம் தந்தவரை 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்பைச் சேர்த்தது. 2004இல் அதுவும் நீக்கப்பட்டது. ஆனால் மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டு ஒருங்கமைக்கப்பட்ட குற்றத் தடுப்புச் சட்டமும், 2019இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற குஜராத் சட்டமும், கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை இன்றும் சாட்சியமாக ஏற்கின்றன. ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ செய்தே ஆக வேண்டும் என்று மகாராஷ்டிரச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்லவில்லை. எழுத்தில் பதிவு செய்தாலும் போதும் என்கிறது.